பீகார் தம்பியும் ரெண்டு 'நாம'வும்

பாளையங்கோட்டையில் எங்கள் பெயின்ட் கடைக்கு வேலைக்கு வந்த பீகார் தம்பிக்கு நான்தான் தமிழ் வாத்தியார். முதலில் இங்கிலீஷ் வழியாகச் சொல்லிக்கொடுத்தேன், சுத்த வீண். அப்புறம் நேராக இந்தியிலிருந்தே வந்தேன்: 'முஜே சாய் சாஹியே', 'எனக்கு டீ வேணும்', வார்த்தைக்கு வார்த்தை அதே வரிசை. மளமளவென்று பிடித்துக்கொண்டான்.

மாட்டியது 'நாம'வில். ஒரு மத்தியானம் வாடிக்கையாளரிடம் "நாம சாப்பிடப் போறோம் அண்ணாச்சி" என்று சொல்லி ஷட்டரை இறக்கப் போனான், அவர் "சரிடே, எந்தக் கடைக்கு?" என்று கூடவே கிளம்பிவிட்டார். அவன் மேல் தப்பில்லை. நாம, நாங்க ரெண்டுக்கும் இந்தியில் ஒரே 'ஹம்'தான், அதுவும் பீகாரில் 'நான்' என்பதற்கே பலர் 'ஹம்' என்பார்கள்.

இலக்கணமாகச் சொன்னால் ஏறவில்லை, கையை வைத்துத்தான் தீர்த்தேன். 'நாங்க' என்றால் கை தன் நெஞ்சில், 'நாம' என்றால் எதிரே நிற்பவரையும் சேர்த்துக் காற்றில் ஒரு வட்டம். டப்பா இறக்கும்போதெல்லாம் இதே விளையாட்டு, பத்து நாளில் சரியாகிவிட்டது. (ழகரத்தை மட்டும் விட்டுவிட்டேன், எங்கள் ஊரிலேயே 'பளம்' என்றுதானே சொல்கிறோம்.)

நேற்று ஒருவரிடம் "நாங்க சாப்பிட்டுட்டு வாரோம், இருங்க அண்ணாச்சி" என்றான். கை நெஞ்சில்தான் இருந்தது.