ஸ்பிரிட் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்: பழைய ஜாஸ் ரெக்கார்டு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு வியாபாரிகள் குடியேறிய அல்லிக்குளம் வளாகத்தில், ரெக்கார்டு வாங்க வரும் இளவயதுக்காரர்கள் இப்போது அதிகம். வியாசர்பாடி, புளியந்தோப்பு காயலாங்கடைகள் வரை தேடிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மகிழ்ச்சியான விஷயம்தான். ஆனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். கீறலைப் பார்த்து வாங்கு, பேரம் பேசு என்பதையெல்லாம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பணத்தையும் பாட்டையும் சேர்த்துப் பறிக்கிற தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

லேபிளில் ‘ஜாஸ்’ என்று தேடுவது

இந்தியாவில் பதிவான பழைய ஜாஸ் தட்டுகளில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப், ரம்பா என்ற நடனப் பெயர்களோ டான்ஸ் ஆர்கெஸ்ட்ரா என்றோதான் அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரரும் அவற்றை ‘இங்கிலீஷ் பாட்டு’ கட்டில் சேர்த்துக் கட்டிவிடுவார். பெரம்பூர் பக்கம் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல, ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கிளம்பும்போது விட்டுப்போன பெட்டிகளில் இருந்தவை இப்படிப்பட்ட தட்டுகள்தான்.

கலைஞர் பெயரைப் படியுங்கள். டெடி வெதர்ஃபோர்ட் என்றிருந்தால் கீழே வைக்காதீர்கள். சிகாகோவில் பெயர் வாங்கிய பியானோக்காரர்; 1926-இல் ஆசியாவுக்கு வந்தார். ஷாங்காய், பம்பாய் என்று வாசித்து, கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஹோட்டலில் இசைக்குழு நடத்தினார். 1945-இல் அங்கேயே காலராவில் இறந்தார். போர்க்காலத்தில் கல்கத்தாவில் அவர் கொலம்பியா ரெக்கார்டு நிறுவனத்துக்குக் கொடுத்த தட்டுகளை அமெரிக்காவில் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. 1936-இல் பம்பாயில் பதிவு செய்த டிரம்பெட் கலைஞர் கிரிக்கெட் ஸ்மித், கென் மேக் குழு, கோவாவின் சிக் சாக்லேட் ஆகிய பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நீண்டநேரத் தட்டுகளான எல்.பி.க்களிலும் இதே கதைதான். சங்கர்-ஜெய்கிஷன் 1968-இல் வெளியிட்ட ‘ராகா ஜாஸ் ஸ்டைல்’ இந்தி சினிமா அடுக்கில் கிடக்கும்; அதில் ரயீஸ் கானின் சிதாரைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள். சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ, கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு செய்த ‘ஜ்யோதி’ (1983) கர்நாடக இசை அடுக்கில் இருக்கும். ஆர்.ஏ. ரமாமணியின் குரலுக்காகவே தேடலாம்.

அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைப்பது

இதை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. தொண்ணூறு வருடம் தப்பிப் பிழைத்த ஒரு தட்டு, புது முதலாளியின் வீட்டில் முதல் அரைமணி நேரத்தில் செத்துப்போகிறது.

வினைல் எல்.பி.யைச் சுத்தம் செய்ய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து துடைக்கச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. வினைலுக்கு அது சரி. அதைப் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் மேல் பஞ்சை வைத்துத் தேய்க்கிறார்கள். 78 தட்டு வினைல் இல்லை. அரக்கோடு கல்தூளும் நிறமும் சேர்த்து அழுத்திச் செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். மர பீரோவுக்கு பாலிஷ் போடுகிற ஆசாரியைக் கேட்டுப்பாருங்கள்: அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுத்தான் அவர் பாலிஷே தயார் செய்கிறார்.

பஞ்சில் கறுப்பு ஒட்டும். ‘அழுக்கு வருகிறது’ என்று இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். வருவது அழுக்கு மட்டுமல்ல, இசை பதிந்திருக்கும் வரிப்பள்ளத்தின் சுவரும்தான். காய்ந்ததும் பளபளப்புப் போய், சாம்பல் பூத்து நிற்கும். ஊசி வைத்தால் இசைக்கு மேலே ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல். எந்தக் கழுவலும் எந்த மென்பொருளும் போன சுவரைத் திருப்பித் தராது. எல்.பி. என்றால் இன்னொரு பிரதி எங்காவது கிடைக்கும். கல்கத்தா, பம்பாய் 78 தட்டுகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. உங்கள் கையில் இருப்பது நல்ல நிலையில் மிஞ்சிய ஒரு சில பிரதிகளில் ஒன்றாக இருக்கலாம்.

முதலில் என்ன பொருள் என்று பாருங்கள். பெரும்பாலும் பத்து அங்குலம், கையில் கனம், வளையாது. வளைத்துப் பார்க்கவும் வேண்டாம், உடைந்துவிடும். ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டினால் பீங்கான் தட்டு மாதிரி ஒலிக்கும். இந்தியாவில் 1960-களிலும் 78 தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. அதனால் பாட்டு புதிதாக இருக்கிறதே என்று வினைல் முடிவுக்கு வந்துவிடாதீர்கள். சந்தேகம் என்றால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் முறை இரண்டுக்கும் ஒத்துவரும்.

ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டர், பேட்டரி கடையில் கிடைக்கும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் மூன்று நான்கு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். முதலில் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஈரத்தில் அதுவே மணல் காகிதமாகிவிடும். பிறகு பிரஷ்ஷை நனைத்து, வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிளில் ஈரம் படக்கூடாது. சோப்பு போகும்வரை வெறும் டிஸ்டில்டு வாட்டரால் துடைத்து, மைக்ரோஃபைபர் துணியில் ஒற்றி, நிழலில் நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். தொட்டியில் ஊறப்போடாதீர்கள். பழைய கொலம்பியா தட்டுகள் பலவற்றில் உள்ளே காகித அடுக்கு உண்டு. ஓரத்து விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் உப்பிவிடும். வெந்நீரும் ஆகாது.

குழாய்த் தண்ணீர் போதாதா என்று கேட்பார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கத்து போர் தண்ணீரை ஒரு எவர்சில்வர் தட்டில் ஊற்றிக் காயவிட்டுப் பாருங்கள். அந்த வெள்ளைத் திட்டுதான் வரிப்பள்ளத்துக்குள்ளும் படியும்.

எல்.பி. ஊசியை 78-இல் வைப்பது

எல்.பி. ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான். 78-க்கு வேண்டியது சுமார் 75. சின்ன ஊசி பள்ளத்தின் அடியில் விழுந்து, அங்கே படிந்த தூசியைத்தான் வாசிக்கும். ‘தட்டு தேய்ந்துவிட்டது’ என்று நல்ல தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. ஊசியைப் பொருத்தும் உங்கள் கார்ட்ரிட்ஜுக்குத் தனி 78 ஊசி கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தானையும் அழுத்துங்கள். பாதி இரைச்சல் அப்போதே அடங்கும்.

கைகிராமபோனில் வினைல் போடுவது

கூடவே கூடாது.

ஒரிஜினல் தட்டுதான் வேண்டும் என்று, இசையைக் கேட்காமலே காத்திருப்பது

ஹார்லெக்வின் நிறுவனம் இந்தியாவின் 1926 முதல் 1944 வரையான ஜாஸ், நடன இசையை ஒரே எல்.பி.யாகத் தொகுத்தது. முதலில் அதைத் தேடிக் கேளுங்கள். எந்தக் குழு உங்களுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகு 78 தட்டுக்குப் பணம் போடலாம். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயரும் ஜமைக்காவின் ஜோ ஹாரியட்டும் சேர்ந்து செய்த ‘இந்தோ ஜாஸ் ஸூட்’ (1966) மறுவெளியீட்டில் கேட்டாலும் அதே இசைதான். அதோடு நிறுத்தாமல் ஹாரியட்டின் ‘ஃப்ரீ ஃபார்ம்’ தட்டையும் கேளுங்கள். கவனிக்கப்படாமல் போனவற்றில் என் கணக்கில் அதுதான் முதல்.

முகவரியை மட்டும் பார்த்து ப்ளூ நோட் வாங்குவது

அமெரிக்க ஜாஸ் நிறுவனமான ப்ளூ நோட்டின் லேபிளில் பழைய நியூயார்க் முகவரி இருந்தால் முதல் அச்சு என்று முடிவு கட்டாதீர்கள். நிறுவனம் லிபர்ட்டி என்ற இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போன பிறகும் மிச்சமிருந்த பழைய லேபிள்களை ஒட்டினார்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வழவழப்பான வளையத்தில், காது போன்ற சிறு குறி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். லிபர்ட்டிக்கு முன் ப்ளூ நோட் தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் முத்திரை அது. இணையத்தில் வாங்கினால் அந்த இடத்தின் படத்தைக் கேளுங்கள். தர மறுத்தால் வாங்க வேண்டாம்.

படுக்க வைத்து அடுக்குவது

நிமிர்த்தி வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வேண்டாம்.

பழைய காகித உறையையே விட்டுவைப்பது

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை தொடங்குவது உறையில்தான். படம் எடுத்துக்கொண்டு உறையைத் தனியே பத்திரப்படுத்துங்கள். தட்டுக்குப் புது உறை போடுங்கள். பி.வி.சி. கவர் வினைலோடு ஒட்டி மங்கல் படர்த்தும்; பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள்.

கணினியில் ஏற்றும்போதே இரைச்சலை நீக்குவது

முதல் பதிவை எந்த வடிகட்டலும் இல்லாமல் 24 பிட் வேவ் கோப்பாக எடுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் சிம்பலின் ஓசையையும் பியானோ விசை விழும் முதல் நொடியையும் சேர்த்தே விழுங்கும்; வெதர்ஃபோர்டின் வாசிப்பில் உயிரே அங்கேதான் இருக்கிறது. சுத்தம் செய்வதெல்லாம் நகலில் மட்டும். கோப்பின் பெயரில் லேபிள் எண்ணையும், லேபிளுக்கு அருகே பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பதிவான ஊரையும் காலத்தையும் கண்டுபிடிக்க உதவுவது அந்த இரண்டாவது எண்தான்.