எரரை மறைத்து வைத்து நான் மாட்டிக்கொண்ட கதை

எக்செல் மேக்ரோவில் (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) பழைய ஷீட்டை அழிக்கும்போதெல்லாம் 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று ஒரு பெட்டி வந்து நின்றது. எரிச்சலில் மேக்ரோவின் தொடக்கத்திலேயே, இந்த மாதிரிப் பெட்டிகளைக் காட்டும் டிஸ்ப்ளேஅலெர்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கி, கூடவே எரர் வந்தாலும் நிற்காமல் அடுத்த வரிக்குப் போகச் சொல்லும் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்டும் போட்டேன். இரண்டு மாதம் நிம்மதி.

ஒரு நாள் திறக்க வேண்டிய ஃபைலின் பெயரை யாரோ மாற்றியிருக்க, ஓப்பன் வரி சத்தமில்லாமல் தோற்றது. அடுத்த வரி ஆக்டிவ்ஷீட்டை, அதாவது அப்போது முன்னால் இருக்கும் ஷீட்டை, சுத்தம் செய்வது. அது என் சொந்த ஃபைலையே துடைத்து சேவும் செய்துவிட்டது. மேக்ரோ செய்ததைக் கன்ட்ரோல் இசட் திருப்பித் தராது, அது வேறு வயிற்றெரிச்சல்!

இப்போது ரெஸ்யூம் நெக்ஸ்ட்டை ஷீட் அழிக்கும் ஒற்றை வரிக்கு முன்னால் மட்டும் போட்டு, உடனே அடுத்த வரியிலேயே ஆன் எரர் கோடூ போட்டு, இனி எரர் வந்தால் என் எரர் லேபிளுக்கு (கோடின் கடைசியில் நான் பெயரிட்டு வைத்த பகுதி) திருப்பிவிடுகிறேன். அங்கே எரரின் எண்ணான எர்.நம்பர், விளக்கமான எர்.டிஸ்க்ரிப்ஷன் இரண்டையும் மெசேஜ் பாக்ஸில் காட்டுகிறேன். லேபிளுக்கு முன், மேக்ரோவை அங்கேயே முடிக்கும் எக்ஸிட் சப் வரியை மறந்தால் எரரே இல்லாமலும் அந்தப் பெட்டி வரும், நானே ஒரு முறை குழம்பினேன். ஆக்டிவ்ஷீட்டையும் விட்டாச்சு, திறந்த ஃபைலை ஒரு வேரியபிளில், அதாவது நான் வைத்த ஒரு பெயரில், வைத்துக்கொள்கிறேன். அப்புறம், டிஸ்ப்ளேஅலெர்ட்ஸ் மேக்ரோ முடிந்ததும் தானாக ட்ரூ ஆகிவிடும், ஆனால் ஃபைல் திறப்பது, செல் மாறுவது போன்றவற்றுக்குத் தானாக ஓடும் கோடை அனுமதிக்கும் எனேபிள்ஈவென்ட்ஸை ஃபால்ஸ் ஆக்கியிருந்தால் அது ஆகாது, அதை நாம்தான் திருப்பி வைக்க வேண்டும்.