தினசரிக் காலண்டரில் நல்ல நேரம் பார்ப்பது எப்படி

வாடகை வீட்டுக்குக் குடிபோகப் பால் காய்ச்ச நாள் பார்த்தது நான்தான். காலண்டர் தாளில் கொட்டை எழுத்தில் சப்தமி என்று இருந்தது, வளர்பிறை, புதன்கிழமை, வேறென்ன வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஒன்பதரைக்குப் பால் பொங்கியது. அதற்குப் பிறகு வந்த அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் விரலை வைத்து வரிவரியாகப் படித்துவிட்டு, "ஏழு பத்து வரைக்கும்னுதான போட்டிருக்கான், இப்ப அஷ்டமியில்ல நடக்குது" என்றார். கொட்டை எழுத்துக்குக் கீழே பொடி எழுத்தில் அது இருக்கத்தான் செய்தது. அன்றைக்கு எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. அப்புறம்தான் அவரிடமே உட்கார்ந்து தாளை முழுதாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். அதை அப்படியே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் இந்த "வரை" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். காலண்டரில் போடுவது சூரிய உதயத்தின்போது நடக்கும் திதியை. சந்திரன் சூரியனை விட்டு 12 பாகை விலகினால் ஒரு திதி முடிந்தது என்று கணக்கு. சந்திரன் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை, அதனால் ஒரு திதி 19 மணி நேரத்திலும் முடியலாம், 26 மணி நேரத்துக்கும் இழுக்கலாம். நள்ளிரவு, காலை, மாலை என்று எப்போது வேண்டுமானாலும் மாறும். நட்சத்திரமும் அப்படித்தான். ஆகவே நீங்கள் பார்க்க வேண்டியது "இன்றைக்கு என்ன திதி" என்பதை அல்ல, "நான் வேலையைத் தொடங்கும் அந்த மணிக்கு என்ன திதி" என்பதை. பழைய பஞ்சாங்கத்தில் மணிக்குப் பதில் நாழிகை இருக்கும். ஒரு நாழிகை 24 நிமிடம், உதயத்திலிருந்து எண்ண வேண்டும். சப்தமி 3 நாழிகை என்றிருந்தால், 6 மணிக்கு உதயம் என்றால், 7.12 வரைதான். இன்னொன்று, பஞ்சாங்கத்துக்கு நாள் பிறப்பது உதயத்தில்தான், நள்ளிரவில் இல்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலை 4 மணி அந்தக் கணக்கில் இன்னும் வியாழன்தான்.

சரி, தாளில் இத்தனை வரி இருக்கிறதே, எல்லாவற்றையும் எல்லா வேலைக்கும் பார்க்க வேண்டுமா? வேண்டாம். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வேலையின் அளவுக்குத் தகுந்தபடி பார்த்தால் போதும். ஒரு மிக்ஸி வாங்குவதற்குப் பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கத்தையும் (கிழமை, திதி, நட்சத்திரம், யோகம், கரணம்) அலசினால் நாள் கிடைக்கவே கிடைக்காது, வாழ்நாள் முழுக்க இருக்கப்போகிற வீட்டுக்கு ராகு காலம் மட்டும் பார்த்தாலும் பற்றாது.

சின்ன வேலைகளுக்கு, அதாவது கடைக்குப் போவது, புதுத் துணி உடுத்துவது, அட்வான்ஸ் கொடுப்பது, ஒரு விண்ணப்பம் அனுப்புவது, இவற்றுக்கு ராகு காலமும் எமகண்டமும் தவிர்த்தால் போதும். ராகு காலத்துக்கு எல்லோருக்கும் தெரிந்த அந்த வாக்கியம் இருக்கிறது: "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா." திங்கள் 7.30, சனி 9, வெள்ளி 10.30, புதன் 12, வியாழன் 1.30, செவ்வாய் 3, ஞாயிறு 4.30 என்று ஒன்றரை மணி நேரமாக ஏறிக்கொண்டே போகும். எமகண்டத்துக்கு வாக்கியமே தேவையில்லை. வியாழன் காலை 6 மணியில் தொடங்கி கிழமையைப் பின்னோக்கி எண்ணுங்கள்: புதன் 7.30, செவ்வாய் 9, திங்கள் 10.30, ஞாயிறு 12, சனி 1.30, வெள்ளி 3. குளிகையும் இதே மாதிரிதான், ஆனால் சனிக்கிழமை 6 மணியில் தொடங்கிப் பின்னோக்கி வரும். வெள்ளி 7.30, வியாழன் 9, இப்படியே ஞாயிறு 3 வரை.

குளிகையைப் பலர் ராகு காலத்தோடு சேர்த்துக் கெட்ட நேரம் என்று ஒதுக்குகிறார்கள், அது சரியில்லை. குளிகையில் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதுதான் நம்பிக்கை. அதனால் நகை வாங்கலாம், சேமிப்பு தொடங்கலாம், கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கலாம். கடன் வாங்கக்கூடாது. சாவு வீட்டில் குளிகையில் எடுக்க மாட்டார்கள், காரணம் இதுதான்.

ராகு காலம் 10.30 முதல் 12 என்று அச்சிட்டிருப்பது 6 மணிக்கு உதயம், 6 மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்ட பொதுக்கணக்கு. உண்மையில் அது பகல் பொழுதை எட்டாகப் பிரித்ததில் ஒரு பங்கு. மதுரையில் ஜனவரி தொடக்கத்தில் உதயம் ஏறக்குறைய 6.34, அஸ்தமனம் 6.08. பகல் 694 நிமிடம், எட்டில் ஒரு பங்கு சுமார் 87 நிமிடம். வெள்ளிக்கு நான்காவது பங்கு, அதாவது 10.54-க்குத் தொடங்கி 12.21-க்கு முடியும். காலண்டரை நம்பி 12.05-க்கு வண்டியை எடுத்தால் இன்னும் ராகு காலத்தில்தான் இருப்பீர்கள். இரண்டில் எது சரி என்று வீட்டில் சண்டை போடுவதைவிட, இரண்டுக்கும் வெளியே வருகிற நேரமாகப் பார்ப்பது என் வழக்கம். வெள்ளி என்றால் பத்தேகாலுக்குள் தொடங்கிவிடுவேன். அதே ராகு காலம் துர்க்கைக்கு விளக்கேற்ற உகந்தது என்பதையும் மறக்க வேண்டாம், செவ்வாய் 3 மணிக்கும் வெள்ளி 10.30-க்கும் எலுமிச்சை மூடியில் நெய் விட்டுத் திரி போட்டு நிற்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள்.

"நல்ல நேரம்" என்ற கட்டத்தில் வருவது கௌரி பஞ்சாங்கத்தை ஒட்டியது. அதிலும் பகலை எட்டாகப் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள்: அமிர்தம், உத்தி, லாபம், தனம், சுகம் ஐந்தும் நல்லவை, ரோகம், சோரம், விஷம் மூன்றும் ஆகாதவை. அவசரத்துக்கு இந்தக் கட்டம் ஒன்று போதும்.

நடுத்தர வேலைகளுக்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வண்டி வாங்குவது, போர் போடுவது, வேலையில் சேர்வது, கடை திறப்பது மாதிரி. ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். ஐப்பசி, வெள்ளிக்கிழமை, வளர்பிறை, சஷ்டி காலை 9.40 வரை பிறகு சப்தமி, பூராடம் மாலை 6.05 வரை பிறகு உத்திராடம், சந்திராஷ்டமம் ரோகிணி, கீழ்நோக்கு நாள், சூலம் மேற்கு, பரிகாரம் வெல்லம். இதில் நான் முதலில் பார்ப்பது சந்திராஷ்டமத்தைத்தான். உங்கள் ராசிக்கு எட்டாவது ராசியில் சந்திரன் நிற்கும் இரண்டேகால் நாள் அது. பூராடம் தனுசு ராசியில் வருவது, அந்தத் தனுசு எட்டாமிடமாக வருவது ரிஷப ராசிக்காரருக்கு. காலண்டர் ரோகிணி என்று மட்டும் போட்டிருந்தாலும் ரிஷபத்தில் பிறந்த கார்த்திகை, மிருகசீரிடக்காரர்களும் கவனமாக இருப்பது நல்லது. ஏனென்றால் அங்கே குறிப்பிடுவது நாள் நட்சத்திரம் எந்த நட்சத்திரத்துக்குப் பதினேழாவதாக வருகிறதோ அதை மட்டும்தான்.

அடுத்தது தாராபலம். இது காலண்டரில் இருக்காது, நாமே விரல்விட்டு எண்ண வேண்டும், அரை நிமிட வேலை. உங்கள் ஜென்ம நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து, நீங்கள் வேலை தொடங்கும்போது நடக்கும் நட்சத்திரம் வரை எண்ணுங்கள். ஒன்பதுக்கு மேல் வந்தால் ஒன்பதால் வகுத்து மீதியை எடுங்கள். 2, 4, 6, 8, 9 நல்லது (மீதி இல்லாவிட்டால் 9 என்று கொள்ள வேண்டும்). 1, 3, 5, 7 தவிர்க்க வேண்டியது, அதிலும் மூன்றை விபத்து என்றும் ஏழை வதம் என்றும் சொல்வதால் அவற்றைக் கண்டிப்பாகத் தள்ளிவிடுங்கள். சுவாதிக்காரர் இந்தத் தாளைப் பார்த்தால் சுவாதி, விசாகம், அனுஷம், கேட்டை, மூலம், பூராடம், ஆறு வருகிறது. சாதக தாரை. தாராளமாகத் தொடங்கலாம்.

ஆனால் எதைத் தொடங்குவது? இங்கேதான் கீழ்நோக்கு நாள் வருகிறது. பரணி, கார்த்திகை, ஆயில்யம், மகம், பூரம், விசாகம், மூலம், பூராடம், பூரட்டாதி ஒன்பதும் கீழ்நோக்கு. கிணறு, போர், கிழங்கு ஊன்றுவது என்று மண்ணுக்குள் போகிற வேலைக்கு ஏற்றது. ரோகிணி, திருவாதிரை, பூசம், உத்திரம், உத்திராடம், திருவோணம், அவிட்டம், சதயம், உத்திரட்டாதி மேல்நோக்கு: மாடி எழுப்ப, மரக்கன்று நட. மிச்சமுள்ள ஒன்பதும் சமநோக்கு, வண்டி வாங்கவும் உழவு ஓட்டவும் அதைத்தான் தேடுவார்கள். ஆக நம் சுவாதிக்காரர் போர் போடுவதாக இருந்தால் இந்த வெள்ளியே நல்ல நாள், வண்டி என்றால் அடுத்த சமநோக்கு நட்சத்திரமான ரேவதி வரும் வரை ஏறக்குறைய ஒரு வாரம் பொறுக்க வேண்டும். போருக்கும் 9.40-க்கு மேல், 10.30-க்குள் பூஜை போட்டுவிட வேண்டும், சப்தமியும் வந்துவிடும், ராகு காலமும் தொடங்கியிருக்காது. பாருங்கள், காலைப் பொழுது முழுக்கத் தேடியதில் கையில் நிற்பது ஐம்பது நிமிடம்தான், ஆனால் அந்த ஐம்பது நிமிடம் தாராளமாகப் போதும்.

திதியில் அஷ்டமி, நவமி, பிரதமை தவிர்ப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அமாவாசையை வெளிமாநிலத்தவர் பலர் ஒதுக்கினாலும் நம்மூரில் நிறைந்த நாள் என்று அன்றைக்கே வண்டி எடுக்கிற குடும்பங்கள் ஏராளம், உங்கள் வீட்டு வழக்கம் எதுவோ அதன்படி போங்கள். கரிநாள் என்று இருந்தால் தள்ளிவையுங்கள், அது தமிழ்த் தேதியை வைத்து வருவது, ஆண்டுக்கு ஆண்டு மாறாது. சூலம் என்பது அந்தத் திசையில் பயணம் கூடாது என்று சொல்வது. திங்கள், சனி கிழக்கு, செவ்வாய், புதன் வடக்கு, வியாழன் தெற்கு, வெள்ளி, ஞாயிறு மேற்கு. தினமும் வேலைக்குப் போகிறவர் இதைப் பார்க்கத் தேவையில்லை. தூரப் பயணம் தவிர்க்க முடியவில்லை என்றால் பக்கத்திலேயே பரிகாரம் போட்டிருக்கும், வெள்ளிக்கு ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

நேத்திரம், ஜீவன் என்று இரண்டு எண்கள் இருக்கும், பலர் அது என்னவென்றே கேட்பதில்லை. நேத்திரம் என்றால் கண், ஜீவன் என்றால் உயிர். நேத்திரம் 2, ஜீவன் 1 என்றிருந்தால் அந்த நாளுக்குக் கண்ணும் உயிரும் முழுதாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டும் 0 என்றால் வேறு நாள் பாருங்கள்.

கல்யாணம், கிரகப்பிரவேசம் மாதிரி பெரிய காரியங்களுக்குத் தாளை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், லக்னமும் இருவர் ஜாதகமும் பார்க்க வேண்டிய இடம் அது, தெரிந்த ஜோதிடரிடம் போங்கள். போகும் முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அவர் வாக்கியமா, திருக்கணிதமா? வாக்கியம் வழிவழியாக வந்த சூத்திரக் கணக்கு, பாம்பு பஞ்சாங்கம் அந்த வகை. திருக்கணிதம் வானத்தில் கிரகம் இன்று நிற்கும் இடத்தோடு திருத்திக்கொண்ட கணக்கு. வித்தியாசம் சின்னதில்லை. 2023-இல் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி ஜனவரி 17, வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாறு கோயிலில் டிசம்பர் 20. திதி முடிகிற மணியும் இரண்டிலும் மாறும். ஒரு காரியத்துக்கு ஒரே பஞ்சாங்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். திதியை இதிலும் நட்சத்திரத்தை அதிலும் எடுத்துச் சேர்ப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு.

மனை பூஜைக்கு மட்டும் ஒரு தனி வழி உண்டு. வாஸ்து புருஷன் விழிப்பது ஆண்டுக்கு எட்டு நாள்தான், ஒவ்வொரு முறையும் 90 நிமிடம். அதில் பல் துலக்குவது, குளிப்பது, பூஜை செய்வது, சாப்பிடுவது, தாம்பூலம் போடுவது என்று ஐந்துக்கும் தலா 18 நிமிடம். கடைசி 36 நிமிடம், அவர் சாப்பிட்டுத் தாம்பூலம் தரித்திருக்கும் நேரத்தில் மனை பூஜை போட்டால் நல்லது. காலண்டரின் பின்பக்கத்தில் இந்த நாட்களும் நேரமும் அச்சிட்டிருப்பார்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால் எதையும் பார்க்காதீர்கள். நெஞ்சு வலிக்கிறவரை எமகண்டம் முடியட்டும் என்று உட்கார வைப்பது பாவம். பிரசவ வலிக்கும் அப்படியே.

நேரம் நம் கையில் இல்லாத வேலைகளுக்கு, இன்டர்வியூ வெள்ளி 11 மணி என்று அவர்களே போட்டுவிட்டால், பரஸ்தானம் என்ற பழைய வழி இருக்கிறது. கொண்டுபோகிற பொருளில் ஒன்றை முன்கூட்டியே நல்ல நேரத்தில் வீட்டை விட்டு வெளியே எடுத்து, பக்கத்து வீட்டிலோ கோயிலிலோ வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. என் தங்கை முதல் வேலைக்குப் போனபோது அவள் சான்றிதழ் ஃபைலை அப்பத்தா முதல் நாள் மாலை நல்ல நேரத்தில் எதிர்வீட்டு அத்தையிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் காலை அவள் அதை அங்கிருந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.