கார்புரேட்டர் ஜிப்சியில் எம்பிஎஃப்ஐ இன்ஜின்: வயரிங் கிட்டை மாற்றிப் பொருத்துவது

ஆரியங்காவு, குமுளி, வால்பாறை என்று மலை ஏறி இறங்கும் பழைய கார்புரேட்டர் மாருதி ஜிப்சிக்கு எம்பிஎஃப்ஐ இன்ஜின் (கார்புரேட்டருக்குப் பதில், கம்ப்யூட்டர் சொல்லும் அளவில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தூவும் இன்ஜின்) மாற்றும்போது, இன்ஜினை மவுண்டிங்கில் உட்கார வைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். வண்டி பட்டறையிலேயே கிடப்பது வயரிங்கால்தான். பெரும்பாலும் தொடக்கூடாத இடத்தில் கட்டர் வைத்திருப்பார்கள். ஈசிஎம்மிலிருந்து (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி) சென்சார், இன்ஜெக்டர், ஸ்பார்க் தரும் காயில் வரை போகும் பகுதி கம்பெனி அளந்து செய்தது. அதை அப்படியே விடுங்கள். வெட்டிச் சேர்க்க வேண்டியது இன்ஜின் வயரிங் கிட்டுக்கும் பாடி வயரிங் கிட்டுக்கும் இடையே போகும் பத்துப் பன்னிரண்டு வயர்களை மட்டும்.

ஸ்பேனரை எடுக்கும் முன் ஆர்டிஓ அனுமதி வாங்கிவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி இன்ஜின் மாற்றவும் அனுமதி வேண்டும், ஆர்சியில் புது இன்ஜின் எண்ணும் ஏற வேண்டும். கேரளாவிலிருந்து போன வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு, ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. புளியரையைத் தாண்டி கேரளா பக்கம் வண்டி எடுப்பவர்கள் இதில் அசட்டையாக இருக்க முடியாது. இன்ஜின் வாங்கிய பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

உக்கடத்திலோ புதுப்பேட்டையிலோ பழைய பார்ட்ஸ் கடையில் இன்ஜின் எடுக்கும்போது ஈசிஎம், முழு வயரிங் கிட், மெயின் ரிலே, பெட்ரோல் பம்ப் ரிலே எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். சாவியில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) உள்ள மாடல் என்றால் அதன் பெட்டியும் சாவியும் சேர்த்து. இல்லாவிட்டால் செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) சுற்றும், இன்ஜின் பிடிக்காது. கிட்டைக் கழற்றித் தரும் கடைக்காரர் அவசரத்தில் கப்ளரை (வயர்களைச் செருகி இணைக்கும் முனை) ஒட்டி வெட்டுவார். பாடி பக்கத்துக் கப்ளரையும் அதோடு குறைந்தது 30 செ.மீ வயரையும் விட்டு வெட்டச் சொல்லுங்கள். ஜோடிக் கப்ளர் கிடைத்தால் பாதி வேலை குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த மாடலுக்கான வயரிங் படம் கையில் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள், ஒரே நிறம் வேறு வருட மாடலில் வேறு வேலை செய்யும். நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: ஈசிஎம் பின் (முனை) எண், நிறம், வேலை, பாடியில் சேரும் இடம். நான்காவது கட்டம் நிரப்ப வேண்டிய வயர்கள் பெரும்பாலும் இவைதான்: நேரடி பேட்டரி கரண்ட், இக்னிஷன் கரண்ட், ஸ்டார்ட் சிக்னல், பம்ப் ரிலே, செக் இன்ஜின் லைட், வேக சென்சார், ஃபேன் ரிலே, ஏசி இருந்தால் அதன் சிக்னல், சார்ஜ் லைட், ஆயில் லைட், டெம்பரேச்சர் மீட்டர். ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரில் இரு முனையும் பார்த்த பிறகே நோட்டில் டிக் போடுங்கள்.

அதிகம் தப்பு நடப்பது இக்னிஷன் கரண்டில். சாவியைத் திருப்பி செல்ஃப் அடிக்கும்போது ரேடியோ, வைப்பருக்குப் போகும் லைன் செத்துவிடும். ஈசிஎம்முக்கு அதிலிருந்து கரண்ட் எடுத்தால், செல்ஃப் சுற்றும் வரை இன்ஜின் பிடிக்காது, சாவியை விடும் நொடியில் பிடிப்பதுபோல் முக்கும். ‘ஆன்’, ‘ஸ்டார்ட்’ இரண்டு நிலையிலும் 12 வோல்ட் இருக்கும் வயரை மீட்டர் வைத்துத் தேடி எடுங்கள்.

சார்ஜ் லைட் வெறும் லைட் அல்ல. ஆல்டர்னேட்டரின் ‘எல்’ முனைக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. டேஷ்போர்டில் எல்இடி மாற்றியிருந்தால் பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜே செய்யாது. பழைய 3 வாட் பல்பைத் திரும்பப் போடுங்கள், அல்லது எல்இடிக்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வையுங்கள்.

கார்புரேட்டர் வண்டியில் இருப்பது இன்ஜினே ஓட்டும் மெக்கானிக்கல் பம்ப். எம்பிஎஃப்ஐக்கு சுமார் 2.5 முதல் 3 பார் அழுத்தம் தரும் எலெக்ட்ரிக் பம்ப் வேண்டும். அதன் ரிலேயை ஈசிஎம்தான் இயக்க வேண்டும். சாவி போட்டதும் இரண்டு மூன்று நொடி ஓடி நின்று, செல்ஃப் அடித்ததும் மறுபடி ஓடும். ‘சுலபமாக’ இக்னிஷனில் நேரே கொடுத்துவிட்டால், வண்டி கவிழ்ந்து இன்ஜின் நின்றாலும் பம்ப் பெட்ரோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். அந்தச் சுலபம் வேண்டவே வேண்டாம். பேட்டரி பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ், டேங்க் வரை 2.5 சதுர மி.மீ வயர். 1 சதுர மி.மீ காப்பர் வயர் மீட்டருக்குச் சுமார் 0.0175 ஓம். இந்த மெல்லிய வயரைப் போட்டால், நான்கு மீட்டரில் 6 ஆம்பியர் போகும்போது போகும் வழியில் மட்டும் 0.4 வோல்ட் காணாமல் போகும், எர்த் வழியில் போவது தனி.

வீட்டு வயரிங்குக்கு வாங்கும் வயர் மலிவு, கையிலேயே இருக்கும், ஆனால் இங்கே ஆகாது. அதன் உறை 70 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும், சைலன்சர் பக்கம் இளகிவிடும். 105 டிகிரி தாங்கும் ஆட்டோ கேபிள் வாங்குங்கள். சென்சாருக்கு 0.5, இன்ஜெக்டருக்கு 0.75, ஃபியூஸ் பாக்ஸ் மெயினுக்கு 6, செல்ஃபுக்கு 25 சதுர மி.மீ.

இன்ஜின் வண்டிக்குள் உட்கார்ந்த பிறகே கிட்டை விரித்து, நம்பர் ஒட்டி, நீளம் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் இன்ஜின் சாயும். அதற்கு 5 செ.மீ தளர்வு விட வேண்டும். சூடேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து 15 செ.மீ தள்ளியே போகட்டும்.

ஜாயின்ட் போடும் இடங்களை 4, 5 செ.மீ முன்பின்னாகத் தள்ளுங்கள், ஒரே இடத்தில் போட்டால் கட்டு பாம்பு எலியை விழுங்கியதுபோல் புடைக்கும். பித்தளை ஸ்ப்ளைஸில் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டுங்கள். முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்குக்கூடத் தாங்காது. சால்டர் அடித்தால் ஈயம் வயருக்குள் ஏறி விறைத்துவிடும், அதிர்வில் ஈயம் முடியும் இடத்தில் ஒடியும். ஆக்சிஜன் சென்சார் வயரில் சால்டர் அறவே கூடாது. பல சென்சார்கள் வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் வெளிக்காற்றை எடுக்கின்றன, ஈயம் அதை அடைத்துவிடும்.

கேம், கிராங்க் சென்சார் வயர்களை நீட்டாமல் சமாளிக்கப் பாருங்கள். வேறு வழியில்லை என்றால் ஷீல்டு வயர் மட்டுமே. ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். காயில் வயர்களோடு சேர்த்துக் கட்டினால் ஆர்பிஎம் ஏறும்போது இன்ஜின் விட்டு விட்டு அடிக்கும், ஆள் ஸ்பார்க் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பார்.

டெம்பரேச்சர் மீட்டருக்கு ஈசிஎம் சென்சாரிலிருந்து கிளை எடுக்காதீர்கள். அந்தச் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.4 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 0.3 கிலோ ஓம் காட்டும். மீட்டரையும் மாட்டினால் ஈசிஎம் இன்ஜின் சூட்டைத் தப்பாகப் படித்துப் பெட்ரோல் அளவைக் கெடுக்கும். மீட்டருக்கு அதன் பழைய சூட்டு சென்சாரையே (செண்டர் யூனிட்) தனியாக வையுங்கள்.

எர்த் மூன்று இடம்: பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜின் பிளாக், பிளாக்கிலிருந்து பாடி, ஈசிஎம் எர்த் கம்பெனி வைத்த இடத்திலேயே பிளாக் அல்லது இன்டேக் மேனிஃபோல்டில். பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். சென்சார் எர்த்தைப் பாடியோடு சேர்க்கவே கூடாது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மைனஸுக்கும் பிளாக்குக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிள் முனையின் லக்கைத் திரும்ப அடியுங்கள்.

குற்றாலச் சீசனில் செங்கோட்டைப் பக்கம் நிறுத்தும் வண்டியில், ஃபயர்வாலை (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தகடு) துளைத்து உள்ளே போகும் கட்டு, துளையில் மாட்டும் ரப்பர் குரோமெட்டுக்கு முன்னால் கீழே ஒரு வளைவு இறங்கி மேலேற வேண்டும். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், இல்லாவிட்டால் வயரைப் பிடித்துக்கொண்டே ஈசிஎம்முக்குள் போகும். கப்ளர்களில் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம்.

கரண்ட் கொடுக்கும் முதல் தடவை பம்ப் ஃபியூஸைக் கழற்றி, ஈசிஎம் ஃபியூஸ் இடத்தில் 21 வாட் பல்பு மாட்டுங்கள். சாவி ஆஃபில் எரியக் கூடாது, ஆனில் மங்கலாக எரியலாம். பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். பல்பு கரண்டைத் தடுத்ததால் ஈசிஎம் தப்பித்தது. பல்பை எடுத்து ஃபியூஸ் போட்டு, திராட்டில் சென்சார் கப்ளரில் 4.9 முதல் 5.1 வோல்ட் வருகிறதா, செக் இன்ஜின் லைட் எரிகிறதா பாருங்கள். இன்ஜெக்டர் கப்ளர்களையும் காயில் கப்ளரையும் கழற்றிவிட்டு செல்ஃப் அடித்து ஆயில் லைட் அணைவதைப் பார்த்த பிறகே பெட்ரோலும் ஸ்பார்க்கும். ஸ்டார்ட் ஆனதும் பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட். மறுநாள் எல்லாம் ஆஃபில் வைத்து அளந்தால் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே இழுக்க வேண்டும்.

ஓடும் வண்டி நிறுத்தும்போது அணைந்து போனால் வேக சென்சார் வயரை முதலில் பாருங்கள். துணி டேப் சுற்றுவது கடைசியில், நூறு கிலோமீட்டராவது ஓடி, சூடாகி, ஆறிய பிறகு. அதற்கு முன் சுற்றினால் பிரிக்கத்தான் போகிறீர்கள்.