எழுத்துத் தரத்திலிருந்து சி.ஜி.பி.ஏ. வரை: முதலாமாண்டு மாணவர்களுக்கான செய்முறை விளக்கம்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இளங்கலை முதலாமாண்டு படிக்கும் என் அக்கா மகள் தன் முதல் செமஸ்டர் மதிப்பெண் பட்டியலைக் கொண்டுவந்து, ஐந்து பாடங்களின் புள்ளிகளைக் கூட்டி ஐந்தால் வகுத்தால் 8 வருகிறதே, பட்டியலில் 7.81 என்று ஏன் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டாள். பட்டியலில் பிழை இல்லை. அவளுக்குத் தாளில் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன்.

முதலில் ஒவ்வொரு எழுத்தையும் எண்ணாக மாற்றுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் பத்துப் புள்ளி முறையில் ஓ என்றால் 10, ஏ பிளஸ் 9, ஏ 8, பி பிளஸ் 7, பி 6, சி 5. வெறும் தேர்ச்சிக்கு 4, தோல்வியான எஃப்புக்கு 0. வெறும் தேர்ச்சிக்கான ஆங்கில எழுத்தும் (P) தமிழில் 'பி' என்றே ஒலிப்பதால், தொலைபேசியில் தரம் கேட்கும் பெற்றோர் அது 6 புள்ளியா 4 புள்ளியா என்று உறுதிசெய்துகொள்வது நல்லது. எத்தனை மதிப்பெண்ணுக்கு எந்த எழுத்து என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

அடுத்து, பாடத்துக்கு எதிரே உள்ள கிரெடிட்டை, அதாவது கணக்கில் அந்தப் பாடத்துக்குள்ள எடையை, பாருங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேர வகுப்பு ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பானால் அதற்கு இரண்டு மணி நேரம் வேண்டும். அவள் தவறிய இடம் இதுதான். வாரம் நான்கு மணி நேரம் ஆய்வகத்தில் நின்று வாங்கிய ஓ, 2 கிரெடிட்டுக்குத்தான் கணக்காகும்.

இனி ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்குங்கள். தமிழ் 3 கிரெடிட், ஏ பிளஸ்: 27. ஆங்கிலம் 3, பி: 18. இயற்பியல் 4, பி பிளஸ்: 28. கணிதம் 4, ஏ: 32. செய்முறை 2, ஓ: 20. மொத்தம் 125, அதை 16 கிரெடிட்டால் வகுத்தால் 7.81. இதுவே அந்த ஒரு செமஸ்டருக்கான சராசரிப் புள்ளி, அதாவது எஸ்.ஜி.பி.ஏ.

சி.ஜி.பி.ஏ. என்பது இதுவரை முடித்த எல்லாச் செமஸ்டர்களுக்கும் சேர்த்த சராசரி. அதற்கு எஸ்.ஜி.பி.ஏ.க்களைக் கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். அடுத்த செமஸ்டரில் 20 கிரெடிட்டுக்கு 142 புள்ளி வந்தால், 267ஐ 36ஆல் வகுக்க வேண்டும், விடை 7.42.

முதுகலையிலும் கணக்கு இதேதான், தேர்ச்சிக் கோடுதான் உயரும். நம் பக்கம் பெரும்பாலும் இளங்கலைக்கு 40, முதுகலைக்கு 50 விழுக்காடு. அமெரிக்காவில் நான்கு புள்ளி முறை பரவலாக உள்ளது. அங்கே இளங்கலை மாணவர் பொதுவாக 2.0 சராசரி வைத்திருந்தால் போதும், முதுகலை மாணவரிடம் பெரும்பாலும் 3.0, அதாவது பி (B), எதிர்பார்க்கிறார்கள். அங்கே விண்ணப்பிக்கும்போது 7.81ஐ 0.4ஆல் பெருக்கி 3.12 என்று நீங்களாக எழுதிவிடாதீர்கள். பத்துக்கு எத்தனை என்று உள்ளபடியே குறிப்பிட்டு, தர அட்டவணை அச்சிட்ட பக்கத்தையும் நகலெடுத்து இணையுங்கள்.