நெல்லையைச் சைக்கிளில் சுற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலியை ஒரு நாள் சைக்கிளில் சுற்றக் கிளம்புகிறவர்களைக் கவிழ்த்துவிடுவது பெரும்பாலும் நேரக்கணக்குதான். நிதானமாக இட்லி சாப்பிட்டுப் பத்து மணிக்கு மேல் வண்டியை எடுத்தால், டவுனில் கடைத்தெரு பார்த்து முடிப்பதற்குள் நெல்லையப்பர் கோயிலில் நடை சாத்திவிடுவார்கள். பிறகு சாயங்காலம்தான் திறப்பார்கள். கீழ ரதவீதி இருட்டுக்கடை அல்வாவும் சாயங்காலம்தான். நடுவில் உச்சி வெயிலில் அலைவதில் என்ன பயன்?

அதனால் டவுனைக் கடைசிக்கு வையுங்கள். விடியும்போதே பாளையங்கோட்டை வழியாகத் திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரத்துக்கு விடுங்கள். திருநெல்வேலியிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். கிழக்கே போவதால் கொஞ்சம் தாமதித்தாலும் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அங்கே வெங்கடாசலபதி கோயிலில் நாயக்கர் காலச் சிற்பங்கள்: நாகாஸ்திரம் ஏந்திய கர்ணன், இளவரசியைத் தூக்கிச் செல்லும் குறவன், ரதி. பத்து நிமிடத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஒரு சிலையையாவது பக்கவாட்டிலும் பின்னாலும் சுற்றி வந்து பாருங்கள். ஓசை வருகிறதா என்று சாவியால் தட்டவே கூடாது. நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களுக்கும் இதே பேச்சுதான்.

அதே நாளில் பாய்க்குப் பேர்போன பத்தமடையையும் சேர்ப்பது அடுத்த தவறு. அது நேர் எதிர்த்திசையில், சேரன்மகாதேவிப் பக்கம் இருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று முகத்தில் அடிக்கும் என்பதால் போகும்போதுதான் பாடு, திரும்புவது சுகம். கிருஷ்ணாபுரத்துக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள்: போகும்போது ஜாலியாக இருக்கும், திரும்பும்போது மூச்சு வாங்கும். பத்தமடையில் கோரையை மெல்லிய இழையாகக் கிழித்து, பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் வீட்டிலேயே பாய் நெய்கிறார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. கடைப் பாயின் விலையைச் சொல்லி அங்கே பேரம் பேசாதீர்கள். வாங்கிய பாயை மடித்துக் கேரியரில் கட்டவும் கூடாது, சுருட்டித்தான் கட்ட வேண்டும்.

மதியத்துக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் நல்ல நிழல். வெள்ளிக்கிழமை மட்டும் போய்விடாதீர்கள், விடுமுறை. வெயில் தாழ்ந்த பிறகு தாமிரபரணி ஆற்றைத் தாண்டி டவுனுக்குப் போகலாம். சுலோசன முதலியார் பாலத்தில் பஸ்களோடு போட்டி போடாமல் ஓரமாகப் போங்கள். 1843-இல் தன் சொந்தப் பணத்தில் அதைக் கட்டிக்கொடுத்தவர் பெயர்தான் பாலத்துக்கு. ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மேல்தட்டில் ஏறிவிடாதீர்கள், சைக்கிளுக்குக் கீழ்த்தட்டுதான்.

டவுனில் ரதவீதிகளுக்குள் சைக்கிளை ஓட்டிக்கொண்டே கடை பார்க்க முடியாது. வாகையடி முக்குக்கு முன்பே எங்காவது பூட்டிவிட்டு நடப்பதுதான் சரி. பாத்திரக் கடை, பூக்கடை எல்லாம் நடந்தால்தான் கண்ணில் படும். அல்வாவை வெறும் பொட்டலமாகப் பையில் போட்டால் நெய் கசிந்து துணியெல்லாம் பாழாகிவிடும். வீட்டிலிருந்தே ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டு போங்கள். இருட்டுக்கடை வரிசை நீளமாக இருந்தால் பக்கத்துக் கடையில் சூடாக ஐம்பது கிராம் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பலாம், குடி முழுகிப் போகாது. இருட்டிய பிறகு பாலத்தைத் தாண்ட வேண்டியிருந்தால் பின்விளக்கு இல்லாமல் மட்டும் போகாதீர்கள்.