சளியா, ஃப்ளூவா? முதல் நாளிலேயே வீட்டில் பிரித்துப் பார்ப்பது எப்படி

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மருந்துக் கடை கவுண்டரில் நாள் முழுக்கக் கேட்கும் வாசகம் ஒன்றுதான்: "சளி, காய்ச்சல், உடம்பு வலி. மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க." மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். எது முதலில் வந்தது, எப்போது வந்தது என்று எதிரே நிற்கும் நான் கேட்டால்தான் யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். சாதாரண சளியையும் ஃப்ளூவையும் பிரிக்கும் விஷயம் அந்த இரண்டு கேள்விகளுக்குள்தான் இருக்கிறது.

இரண்டுமே வைரஸ்தானே, எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். சளிக்குக் காரணம் பெரும்பாலும் ரைனோவைரஸ். அதில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒரே வருடத்தில் மூன்று முறைகூட மூக்கு ஒழுகுகிறது. அதற்கென்று தனி மருந்து கிடையாது, தானாகப் போய்விடும். ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸ். 2009-ல் பன்றிக் காய்ச்சல் என்று ஊரே பயந்ததே, அந்த எச்1என்1 இப்போது வருடாவருடம் வந்துபோகும் சாதாரண ஃப்ளூ வகைகளில் ஒன்றாகிவிட்டது. இதற்கு ஓசல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். வீட்டில் கர்ப்பிணியோ சர்க்கரை நோயாளியோ வயதானவரோ இருந்தால், "ரெண்டு நாள் பாப்போம்" என்று தள்ளிப்போடும் அந்த இரண்டு நாள்தான் கைவிட்டுப் போகும் நேரம்.

தேவையானவை: ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஒரு தாள், பேனா. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் பேட்டரி மாற்றி எடுத்து வையுங்கள்.

படி 1: ஆரம்பித்த நேரத்தை எழுதுங்கள்

இதுதான் முக்கியமான படி. மற்றவை எல்லாம் இதற்குத் துணை.

சளி மெல்ல வரும். முதலில் தொண்டையில் ஒரு கரகரப்பு, எச்சில் விழுங்கும்போது லேசான உறுத்தல். மறுநாள் தும்மல், மூக்கு ஒழுகல். அதற்கடுத்த நாள் மூக்கடைப்பு, குரல் கம்மல். எப்போது தொடங்கியது என்று கேட்டால் "ரெண்டு மூணு நாளாவே ஒரு மாதிரி இருக்கு" என்பார்கள்.

ஃப்ளூ வந்தவர் மணி சொல்லுவார். "மத்தியானம் சாப்பிடும்போது நல்லாத்தான் இருந்தேன். நாலு மணிக்கு மேல குளிர் எடுத்துச்சு, அப்புறம் எந்திரிக்கவே முடியல." இப்படிச் சொன்னால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு இரண்டு தாள்கள் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

முதல் தாள்: செவ்வாய் காலை தொண்டை அரிப்பு. இரவு தும்மல். புதன் மூக்கு ஒழுகல், தெர்மாமீட்டரில் 99.2, கடைக்குப் போய்வந்தார். வியாழன் மூக்கடைப்பு, ராத்திரி வாயால் மூச்சு. வெள்ளி சளி கெட்டியானது, பசி பரவாயில்லை.

இரண்டாவது தாள்: புதன் மாலை 4 மணி குளிர் நடுக்கம். 5 மணிக்கு 102.4. தலைவலி, இடுப்பு, தொடை எல்லாம் வலி. இரவு சாப்பாடு வேண்டாம் என்றார். வியாழன் காலை 101.8, வறட்டு இருமல், பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்.

முதலாவது சளி. இரண்டாவதை ஃப்ளூ என்று சந்தேகித்தே ஆக வேண்டும்.

படி 2: காய்ச்சலைத் தொட்டுப் பார்க்காதீர்கள், அளந்து பாருங்கள்

நெற்றியில் புறங்கை வைத்துப் பார்ப்பது பாசத்துக்கு நல்லது, கணக்குக்கு உதவாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும்தான் காய்ச்சல். பெரியவர்களுக்குச் சளியில் காய்ச்சல் வருவது அபூர்வம், வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். ஃப்ளூவில் 100-லிருந்து 104 வரை ஏறும், பெரும்பாலும் மூன்று நான்கு நாள் நிற்கும்.

தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில், ஓரமாக வைத்து வாயை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். 'பீப்' சத்தம் வரும்வரை எடுக்கக் கூடாது. சூடாகக் காபியோ சுக்குத் தண்ணீரோ குடித்திருந்தால் அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். சின்னக் குழந்தைகளுக்கு அக்குளில் வைக்கலாம். அங்கே அளவு வாயில் காட்டுவதைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும்.

அளப்பதற்கு முன்பே பாராசிட்டமால் போட்டுவிட்டு, "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே" என்று சொல்பவர்கள் நிறைய. மாத்திரை போட்ட நேரத்தையும் தாளில் எழுதுங்கள்.

இரண்டு விதிவிலக்குகள் உண்டு. குழந்தைகளுக்கு வெறும் சளியிலேயே நல்ல காய்ச்சல் வரலாம். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஃப்ளூவே வந்தாலும் காய்ச்சல் பெரிதாக ஏறாமல் போகலாம். வெறுமனே சோர்ந்து படுப்பார்கள், சாப்பிட மறுப்பார்கள், பேச்சில் ஒரு தடுமாற்றம் தெரியும். தெர்மாமீட்டரில் 99 காட்டுகிறது என்று தாத்தாவை விட்டுவிடாதீர்கள்.

படி 3: தொல்லை மூக்கிலா, உடம்பு முழுக்கவா?

சளியில் மூக்குதான் நாயகன். தும்மல், ஒழுகல், அடைப்பு. உடம்பு வலி இருந்தாலும் வேலை ஓடும். ஃப்ளூவில் மூக்கு பின்னால் போய்விடும். தலைவலி, மூட்டு, தசை வலி, வறட்டு இருமல், எழுந்து உட்காரவே அலுப்பு. காய்ச்சல் விட்ட பிறகும் அந்த அலுப்பு இரண்டு வாரம்வரை இழுக்கலாம்.

சளியின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மஞ்சளோ பச்சையோ ஆனால் ஆன்டிபயாடிக் வேண்டும் என்ற நம்பிக்கை நம் ஊரில் வேரூன்றிக் கிடக்கிறது. சாதாரண வைரஸ் சளியே மூன்றாம் நான்காம் நாளில் நிறம் மாறும். அஜித்ரோமைசின் ஒரு ஸ்ட்ரிப் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பினால் என்மேல் கோபம் வருகிறது, என்ன செய்ய. அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸை ஒன்றும் செய்யாது.

காய்ச்சலே இல்லாமல், கண் அரிப்போடு, தினமும் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல் வந்து, அது வாரக்கணக்கில் போனால் அலர்ஜியாக இருக்கலாம். கொரோனாவோ சளி மாதிரியும் வரும், ஃப்ளூ மாதிரியும் வரும். பரிசோதனை இல்லாமல் அதைப் பிரிக்க முடியாது.

படி 4: டெங்குவை மறந்துவிடாதீர்கள்

வெளிநாட்டு இணையதளங்களில் சளிக்கும் ஃப்ளூவுக்கும் அட்டவணை போட்டு முடித்துவிடுவார்கள். நமக்கு அது போதாது. ஃப்ளூ வரும் அதே மழை மாதங்களில்தான் டெங்குவும் வருகிறது. திடீர் காய்ச்சல், கடும் உடம்பு வலி இரண்டிலும் உண்டு.

டெங்குவில் மூக்கு ஒழுகலும் இருமலும் பெரிதாக இருக்காது. கண்ணுக்குப் பின்னால் வலி, வாந்தி, தோலில் சிவந்த தடிப்பு இருக்கலாம். ஆகவே நல்ல காய்ச்சல் இருந்து, இருமலோ மூக்குத் தொல்லையோ இல்லையென்றால் அதை ஃப்ளூ என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள். மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முதல் ஐந்து நாட்களுக்குள் என்எஸ்1 பரிசோதனையில் டெங்கு தெரியவரும். வெள்ளத் தண்ணீரில் நடந்தவருக்குக் கண் சிவந்து கெண்டைக்கால் வலித்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். இதய நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள். "ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர்" என்று கேட்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அந்த ஊசியில் பல சமயம் டைக்ளோஃபெனாக்தான் இருக்கும்.

இன்னொன்று. ஃப்ளூவில் காய்ச்சல் விட்டால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான கட்டம், பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போது வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், மயக்கம் எது வந்தாலும் நேராக மருத்துவமனை.

படி 5: யார் காத்திருக்கக் கூடாது?

மத்திய சுகாதாரத் துறையின் ஃப்ளூ வழிகாட்டுதல் நோயாளிகளை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரிக்கிறது. வீட்டில் நினைவில் வைத்துக்கொள்ளவும் இது எளிது.

லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி என்றால் ஏ. பரிசோதனையும் வேண்டாம், ஓசல்டாமிவிரும் வேண்டாம், வீட்டில் ஓய்வு. காய்ச்சலும் தொண்டை வலியும் கடுமையாக இருந்தாலோ, கர்ப்பிணி, சிறு குழந்தை, முதியவர், சர்க்கரை, இதயம், சிறுநீரகம், நுரையீரல் பிரச்சினை உள்ளவர் என்றாலோ பி. இவர்கள் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமலே மருந்தைத் தொடங்கச் சொல்வார். மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, அரை மயக்கம், சளியில் ரத்தம், நகமோ உதடோ நீலம் பூத்தால் சி. யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ஆக்சிமீட்டர் 94-க்குக் கீழே காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு, விரல் சில்லிட்டிருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

குழந்தைகளுக்கு மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல், முடிந்தால் தூங்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாகும். 2 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ, அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, நிமோனியாவா என்று உடனே பார்க்க வேண்டும்.

நன்றாகத் தேறி வந்தவருக்கு ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சல் ஏறி இருமல் அதிகமானால் அதுவும் நிமோனியாவுக்கான சந்தேகம்தான்.

படி 6: வீட்டில் செய்ய வேண்டியது

பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் 650 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். கல்லீரல் பிரச்சினை, குடிப்பழக்கம் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். கடையில் விற்கும் 'சளி மாத்திரை' பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. அதோடு தனியாக ஒரு டோலோவும் போட்டால் இரட்டை அளவு. அட்டையைத் திருப்பிப் படியுங்கள். அதில் ஃபீனைல்எஃப்ரின் என்று இருந்தால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. குளோர்பெனிரமினும் ஃபீனைல்எஃப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-ல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது.

குழந்தைக்கான அளவு வயதைப் பொறுத்ததில்லை, எடையைப் பொறுத்தது: ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு 150. ஆனால் சிரப்பில் 5 மில்லிக்கு 125 என்றும் 250 என்றும் இரண்டு வகை வரும். முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி. சொட்டு மருந்து இவற்றைவிட அடர்த்தி. போன தடவை வாங்கிய பாட்டிலின் மூடி அளவை இந்தத் தடவை பாட்டிலுக்கு அப்படியே வைக்காதீர்கள்.

மிளகு ரசம், கஞ்சி, இளநீர் எல்லாம் தாராளமாகக் கொடுக்கலாம், உடம்பில் நீர் குறையாமல் இருப்பதுதான் வேண்டும். ஆவி பிடித்தால் மூக்குக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், வைரஸ் சாகாது. குழந்தையைப் போர்வைக்குள் கொதிநீர்ப் பாத்திரத்தோடு உட்கார வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், வெந்துபோகும். ஒரு வயதுக்குள் தேனும் கூடாது.

பாராசிட்டமால் இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்த பிறகு வேலைக்கோ பள்ளிக்கோ அனுப்புங்கள். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, பிறகு ஐந்திலிருந்து ஏழு நாள்வரை பரவும்.

தடுப்பூசி பற்றி

சளிக்குத் தடுப்பூசி இல்லை. ஃப்ளூவுக்கு உண்டு, ஒவ்வொரு வருடமும் போட வேண்டும், ஏனென்றால் வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கிறது. படி 5-ல் 'பி' பிரிவில் சொன்னவர்கள் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் போட முடியாது, அந்தக் குழந்தையின் அம்மா கர்ப்பமாக இருக்கும்போதே போட்டிருந்தால் பிறந்த குழந்தைக்கும் சில மாதம் பாதுகாப்பு கிடைக்கும். பலன் வர இரண்டு வாரம் ஆகும் என்பதால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் போட்டுவிடுங்கள். போடும்போது அட்டையில் எந்த வருடத்துக்கான மருந்து என்று பார்த்து வாங்குங்கள்.